வேடர் வில்லும் விடுத்த உயிரும்

தை மாதத்து மிருகசீரிட நாள் கண்ணப்ப நாயனாரின் குருபூசை நாள். மிருகசீரிடம் என்னும் வடசொல்லுக்கு மானின் தலை என்பது பொருள். வேடர் குலத்து உதித்த அடியார்க்கு இதனினும் பொருத்தமான நாள் வேறொன்று அமையாது. அறுபத்து மூவர் திருவுருவங்கள் அமைந்த ஆலயங்களில் வில்லும் கையுமாக நிற்கும் அவரை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம்.

ஆலயச் சமய வகுப்புகளில் இந்த நாயனாரின் வரலாற்றைக் கேட்டு முடித்ததும் பிள்ளைகள் எழுப்பும் வினா ஒன்றுண்டு. கொல்லாமையைப் போற்றும் சமயத்தில், உயிர்களைக் கொன்று வாழ்ந்த ஒருவருக்கு இறைவன் எவ்வாறு அருள் புரிந்தான்? அன்பு ஒன்றே இறைவனுக்கு உகந்தது என்று பெரியவர்கள் விடை கூறுவர். அவ்விடை உண்மையே. எனினும், வேடரின் தொழில் எத்தகையது, அதற்கென அறம் ஏதேனும் இருந்ததா என்பதை ஆராயாமல் அந்த வினாவை முடித்துவிடுவது முறையாகாது. ஆகவே, பண்டைத் தமிழ் வேடரின் வில்லைப் பற்றியும், அவர்கள் அன்றாடம் வேட்டையாடிய முயல், உடும்பு போன்ற சிறு விலங்குகளைப் பற்றியும் நம் நூல்கள் கூறுவனவற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

அடுப்பை எரித்த சிறுவேட்டை

சங்க இலக்கியத்தில் வேட்டை என்றவுடன் யானையும் புலியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை மன்னரின் வீரத்தைப் புகழும் இடங்களில் வருபவை. ஆனால், வேடன் வீட்டு அடுப்பை நாள்தோறும் எரியச் செய்தவை சிறு விலங்குகளே. நற்றிணையின் 59-ஆம் பாடலில் கபிலர் ஒரு வேட்டுவனைக் காட்டுகிறார். அவன் உடும்பைப் பிடிக்கிறான். மண்ணை அகழ்ந்து நுணலை எடுக்கிறான். புற்றை வெட்டி ஈசலைக் கொள்கிறான். பகற்பொழுதில் முயலையும் அடிக்கிறான். இவை அனைத்தையும் தோளில் சுமந்து வீடு திரும்பியவன், பின்னர்ச் சுமையை மறந்து தன் இல்லத்தில் களித்திருக்கிறான். ஒரு வேட்டுவக் குடும்பத்தின் ஒரு நாள் உணவுப் பட்டியலே இப்பாடலில் அடங்கியுள்ளது எனலாம்.

புறநானூற்றின் 34-ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனின் நாட்டு வளத்தைப் பாடுகிறார். அங்கே பாணர் உண்ணும் உணவு யாது? வரகரிசியைப் பாலில் இட்டுச் சமைத்த சோறு, தேன், அவற்றோடு சுட்ட முயல் இறைச்சி. பெருவேந்தனின் நாட்டுச் சிறப்பைச் சொல்ல வந்த புலவர் முயலை எளிய பொருளாகக் கருதி ஒதுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இத்தொழிலின் தொன்மையை நிலமும் காட்டுகிறது. தென்பாண்டி நாட்டின் செம்மணல் தேரிகளில் விரல் நகத்தளவே உள்ள சிறு கற்கருவிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. இத்தகைய நுண்கருவிகளை அம்பின் முனையில் பொருத்தினர் என்பது ஆய்வாளர் கருத்து. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் இரும்புக் கருவிகள் பல வெளிப்பட்டன. கல்முனை இரும்புமுனையாக மாறிய பின்னரும் வேடனின் கையை விட்டு வில் நீங்கவில்லை.

வலையும் வில்லும்

நாம் கூண்டில் வளர்க்கும் முயல் வேறு. தமிழகத்துக் காட்டு முயல் வேறு. காட்டு முயல் வளை தோண்டி வாழ்வதில்லை. பகலெல்லாம் புதரடியிலும் புல்லிடையிலும் அசையாது பதுங்கியிருந்து, இரவில் வெளிவந்து மேயும். ஆள் காலடியருகே வரும்வரை அசையாதிருந்து, திடீரென எழுந்து வளைந்து வளைந்து ஓடும். அதன் மேல் அம்பைச் செலுத்துவது எளிதன்று.

இதனால்தான் முயல் வேட்டைக்கு வேடர் வலையையும் நாயையும் துணையாகக் கொண்டனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இவ்வேட்டை முறை தெளிவாகக் கூறப்படுகிறது. பகற்காலத்தில் கானவர் நாய்களுடன் காட்டுக்குள் நுழைகின்றனர். வேலியின் இடைவெளிகளில் தொடர்ச்சியாக வலைகளை மாட்டுகின்றனர். பிறகு புதர்களை அடித்துக் கலைக்கின்றனர். பதுங்கியிருந்த முயல்கள் தப்பிச் செல்ல வழியின்றி வளைக்கப்படுகின்றன. பிடித்ததை அனைவரும் கூடி உண்கின்றனர். முயலின் நீண்ட காதுக்குத் தாமரையின் புறவிதழை உவமை கூறுகிறார் புலவர். தான் உண்ணும் விலங்கின் அழகையும் கண்டு வியந்த சமுதாயம் அது.

வலை பலர் கூடிச் செய்யும் வேட்டைக்கு உரியது. தனியாகக் காட்டுக்குச் செல்பவனுக்கு வில்லே துணை. மூங்கிலையும் உறுதியான மரங்களையும் வளைத்து வில் செய்தனர். நாணுக்கு விலங்கின் நரம்பும், மரல் என்னும் செடியின் நாரும் பயன்பட்டன. இன்று நம் வீட்டு முகப்புகளில் அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கும் பாம்புச்செடி இம்மரலின் இனத்தைச் சேர்ந்ததே. அம்பு, கணை, பகழி, வாளி, கோல் என அம்புக்கு மட்டும் தமிழில் பல பெயர்கள் உள்ளன. ஒரு பொருளுக்குப் பெயர்கள் பெருகியிருப்பது அப்பொருள் மக்களின் வாழ்வோடு நெருங்கியிருந்ததற்குச் சான்றாகும்.

சிறு பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் வேறொரு வில்லும் இருந்தது. அதன் பெயர் உண்டைவில். அம்புக்கு மாறாகக் காய்ந்த களிமண் உருண்டையை எறியும் வில் இது. நாணின் நடுவில் உருண்டையைத் தாங்குவதற்கு ஒரு சிறு மடிப்பு இருக்கும். உருண்டை வில் பிடித்த கையில் படாதிருக்க, எய்யும்போது மணிக்கட்டைச் சற்றே திருப்ப வேண்டும். நாள்பட்ட பயிற்சியில்லாமல் இது கைவராது.

உண்டைவில்லைப் பற்றி நம் பக்தி நூல்களும் பேசுகின்றன. இறைவன் கூனியின் கூனில் உண்டைவில்லால் தெறித்த செயலை நம்மாழ்வார் திருவாய்மொழியில் குறிப்பிடுகிறார். கம்பர் அதனை இராம காதையோடு இணைத்து, இளமையில் இராமன் விளையாட்டாக எய்த மண்ணுருண்டையை மந்தரை மறவாமல் நெஞ்சில் வைத்திருந்தாள் என்று பாடுகிறார். அவளுடைய சூழ்ச்சியால் அயோத்தி தன் இளவரசனை இழந்தது. உருண்டை களிமண்ணால் ஆனதுதான். அது முதுகில் ஏற்படுத்திய வலியும் சிறிதுதான். ஆயினும் தேவையின்றி வளைத்த வில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் இலக்கியத்தில் இல்லை.

வள்ளுவர் காட்டும் முயல்

திருக்குறளில் படைச்செருக்கு என்னும் 78-ஆம் அதிகாரத்தில் முயலை வீழ்த்திய அம்பு ஒன்று வருகிறது. காட்டு முயலைத் தப்பாமல் எய்த அம்பைக் கையில் ஏந்துவதினும், யானை மீது எறிந்து குறி தவறிய வேலை ஏந்துவதே இனிது என்கிறது 772-ஆம் குறள். இதற்குப் பரிமேலழகர் கூறும் உரை நுட்பமானது. முயல் காட்டில் ஓடிக்கொண்டிருந்தது என்றும், யானை திறந்த வெளியில் நின்றது என்றும் அவர் விளக்குகிறார். ஓடும் முயலைத் தாக்குவதே கடினம் என்பதை உரையாசிரியர் அறிந்திருக்கிறார். திறமை முயல் எய்தவனுக்கு உரியது. பெருமையோ யானையை எதிர்த்தவனுக்கு உரியது.

இக்குறளைக் கொண்டு வள்ளுவர் வேடரை இகழ்ந்தார் என்று கொள்ளலாகாது. இது போர்க்களத்தில் நிற்கும் வீரனின் கூற்று. தன்னினும் எளியதை வென்று மார்தட்டுதல் வீரமாகாது என்பதே இதன் கருத்து. முயலைக் கொன்றதற்காகப் பெருமை கொள்ளாதே என்று கூறும் இக்குறள், வேட்டை உணவுக்காக மட்டுமே அமைய வேண்டும் என்னும் எல்லையையும் மறைமுகமாக வகுத்துவிடுகிறது. புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்த அதே வள்ளுவர்தாம் இதனையும் பாடினார் என்பதை நாம் மறத்தலாகாது.

ஓரியும் நள்ளியும்

வில்லாற்றலுக்குப் பெயர்பெற்ற வள்ளல் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் அவனுடைய ஓர் அம்பின் வழியைப் பின்தொடர்ந்து செல்கிறார். யானையை வீழ்த்திய அம்பு புலியைக் கொன்று, மானைத் துளைத்து, பன்றியை உருளச் செய்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் சென்று தைக்கிறது. யானையில் தொடங்கி உடும்பில் முடியும் இவ்வரிசை கற்பனை நயம் மிக்கது. மன்னனின் அம்பும் எளிய வேடன் நாள்தோறும் தேடும் இரையில் சென்று நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் புலவரின் நெஞ்சைக் கவர்ந்தது அம்பு மட்டுமன்று. தன் பெயரைச் சொல்லிப் பாணர் புகழ்ந்தபோது ஓரி நாணித் தலை கவிழ்ந்தான். தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும், தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அவர்களுக்கு வழங்கினான்.

150-ஆம் பாடலில் இதே புலவர் மற்றொரு நிகழ்ச்சியைப் பாடுகிறார். காட்டில் பசியோடு சோர்ந்து கிடந்த பாணர் குழுவை ஒரு வேட்டைத் தலைவன் காண்கிறான். தீக்கடைந்து நெருப்பு மூட்டித் தானே இறைச்சியைச் சுட்டு அவர்களுக்கு உண்ணக் கொடுக்கிறான். பின்னர்த் தன் ஆரத்தையும் கடகத்தையும் கழற்றிக் கொடுக்கிறான். பெயரைக் கேட்டபோது சொல்ல மறுக்கிறான். அவன் தோட்டிமலைத் தலைவன் நள்ளி என்பதைப் பாணர் பிறர் வாயிலாகவே அறிகின்றனர்.

இவ்விரு பாடல்களாலும் வேட்டை அறத்தின் முதற்கூறு விளங்குகிறது. வேட்டையாடியவன் தனித்து உண்ணலாகாது. பகிர்ந்து உண்ண வேண்டும். கொடுத்தபின் அதனைச் சொல்லிப் பெருமை கொள்ளவும் கூடாது.

விட்டுவிடும் வேட்டை

அறத்தின் இரண்டாம் கூறு கொல்லாமல் விடுவது. புறநானூற்றின் 320-ஆம் பாடல் ஒரு வேட்டுவன் வீட்டு முற்றத்தைக் காட்டுகிறது. களைத்துவந்த வேட்டுவன் கொடி நிழலில் அயர்ந்து உறங்குகிறான். வேட்டைக்குப் பயன்படும் பழகிய பெண்மான் ஒன்று முற்றத்தில் நிற்கிறது. காட்டிலிருந்து வந்த கலைமான் அதனோடு கூடி விளையாடுகிறது. இதனைக் கண்ட வேட்டுவனின் மனைவி அசையவும் அஞ்சுகிறாள். கணவனின் உறக்கம் கலையலாகாது. அந்த மான்களின் இன்பமும் கலையலாகாது. அவள் ஓசையின்றி இருந்த நேரத்தில், மான்தோலில் உலரவைத்த தினையைக் காட்டுக் கோழியும் காடையும் தின்றுவிடுகின்றன. வீட்டுக்கு வந்த இரையை அம்பு எய்யாமல் விட்டதோடு, வீட்டிலிருந்த தானியத்தையும் இழந்த அப்பெண்ணைப் புலவர் போற்றிப் பாடுகிறார்.

இப்பண்பையே பல நூற்றாண்டுகளுக்குப் பின் சேக்கிழார் பெருமான் விதியாகவே எழுதி வைத்தார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக விளங்கியவர் அவர். பெரிய புராணத்தில் திண்ணனார் வில் பயிலத் தொடங்கிய விழாவையும், தந்தை நாகனிடமிருந்து தலைமையைப் பெற்று அவர் சென்ற முதல் வேட்டையையும் விரிவாகப் பாடுகிறார். நாய்களும் வலைகளும் பறையொலியும் நிறைந்த பெருவேட்டை அது. அந்த ஆரவாரத்தின் நடுவே ஒரு பாடலில் வேடர் எவற்றைக் கொல்லவில்லை என்பதையும் எடுத்துரைக்கிறார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லாமல் விட்டனர். கருவைச் சுமந்து நடை தளர்ந்த பெண் விலங்குகளை அலைக்கழிக்கவில்லை. அளவு மிஞ்சிய கொலையை அவர்கள் விலக்கினர்.

இந்த ஒரு பாடலை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம். கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பிய இறுதிக் காட்சியையே விழாக்களில் பேசுகிறோம். ஆனால் சேக்கிழார் அக்காட்சிக்கு முன்பே நம்மை ஆயத்தப்படுத்துகிறார். பிற உயிரின் கருவையும் குட்டியையும் கண்டு வில்லைத் தாழ்த்தத் தெரிந்த குலத்தில் பிறந்தவருக்குத்தான், காளத்தியில் குடுமித்தேவரைத் தனியே கண்டபோது, தாயைப் போல் நெஞ்சம் பதைத்தது. இறைவன் பசித்திருப்பாரே என்று இறைச்சியைத் தேடினார். இரவெல்லாம் கையில் வில்லோடு உறங்காமல் காவல் நின்றார். அதுவரை உணவு தேடிய வில் அன்றிரவு காவல் புரிந்தது. ஆறாம் நாளில் அவர் தம் கண்ணையே கொடுத்தார். பகிர்ந்து உண்ணும் வேட்டை அறத்தின் உச்சம் அது.

சேக்கிழார் இறைச்சியை மறைக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. ஆகம வழிப்படி பூசித்த சிவகோசரியாரின் துயரத்தையும் அவர் குறைத்துக் கூறவில்லை. இருவரையும் ஒரே சன்னிதியில் நிறுத்தினார். அவருக்கு முன்பே நக்கீரதேவ நாயனாரும் கல்லாடதேவ நாயனாரும் கண்ணப்பர் மேல் தனித்தனியே பாடிய திருமறம் பதினொன்றாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. வேடரின் வரலாற்றை நம் முன்னோர் திருமுறைக்குள்ளேயே வைத்துப் போற்றினர்.

பாரிவேட்டையும் இன்றைய நிலையும்

வேட்டை மரபு ஆலய வழிபாட்டிலும் பதிந்துள்ளது. விஜயதசமி நாளில் சுவாமியோ அம்மனோ குதிரை வாகனத்தில் எழுந்தருளி அம்பு எய்யும் விழா பாரிவேட்டை எனப்படுகிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் இதனை மகர்நோன்பு என்பர். அவ்விழா நடைபெறும் திடல்களுக்கும் அப்பெயரே வழங்குகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஆலயங்கள் சிலவற்றிலும் இவ்விழா நடைபெறுகிறது. இங்கே எய்யப்படும் அம்பு எவ்வுயிரையும் தைப்பதில்லை. வேட்டையின் வடிவம் எஞ்சியிருக்க, கொலை முற்றிலும் நீங்கிவிட்டது. முன்னோர் வகுத்த விடுதலை அறத்தின் இயல்பான முடிவாக இதனைக் கருதலாம்.

தமிழகத்தின் சில கிராமங்களில் பொங்கல், சிவராத்திரி நாள்களை ஒட்டிப் பாரிவேட்டை என்ற பெயரில் மக்கள் திரளாகச் சென்று முயல் வேட்டையாடும் வழக்கம் இருந்துவந்தது. இந்திய அரசு 1972-இல் இயற்றிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு முயலையும் உடும்பையும் வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. மரபு என்ற பெயரால் இச்சட்டத்தை மீறுவோர், அம்மரபின் அறத்தையும் சேர்த்தே மீறுகின்றனர். காடு சுருங்கி உயிரினங்கள் குறைந்துவரும் காலத்தில், பசியின்றிச் செய்யும் வேட்டை சேக்கிழார் கூறிய அளவு மிஞ்சிய கொலையே ஆகும்.

சட்டம் வந்தபோது உண்மையில் துன்புற்றவர்கள் காட்டையே நம்பி வாழ்ந்த பழங்குடி மக்கள். பாம்புகளையும் சிறு விலங்குகளையும் பிடித்து வாழ்ந்த இருளர் அவர்களுள் ஒரு பிரிவினர். அவர்களுக்காக 1978-இல் சென்னைக்கு அருகே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. முன்பு தோலுக்காகப் பிடித்த பாம்புகளை அவர்கள் இன்று நஞ்செடுப்பதற்காகப் பிடிக்கின்றனர். நஞ்சை எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்து செய்யப்படும் மருந்து பாம்பு தீண்டியவர்களின் உயிரைக் காக்கிறது. 2023-ஆம் ஆண்டில் இருளர் குலத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. தடம் பார்க்கும் கண்ணும், பதுங்கும் காலும், பிடிக்கும் கையும் பழைய வேடருடையவையே. பிடித்த உயிரை விட்டுவிடும் அறமும் பழையதே.

பிள்ளைகளின் வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை இதுதான். வேடர் கொன்றனர் என்பது உண்மை. பசிக்காகக் கொன்றனர், பகிர்ந்து உண்டனர், கருவுற்றதையும் குட்டியையும் விட்டனர், எளியதை வென்று பெருமை பேசவில்லை. விலைகொடுத்து வாங்கும் உணவின் பின்னே ஓர் உயிர் இருந்தது என்பதையே மறந்துவிட்ட நாம், அவர்களைக் குறைகூறும் முன் சற்றுச் சிந்திக்க வேண்டும். அன்னதானப் பந்தியில் இலையில் உணவை மிச்சம் வைக்காமல் உண்பதும், உள்ளதைப் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்வதும், வாயில்லா உயிர்களுக்கு இரங்குவதும் அந்த அறத்தின் இன்றைய வடிவங்களே. வில்லேந்திய கண்ணப்பர் திருவுருவத்தை வணங்கும் மெய்யன்பர்கள், அந்த வில் எய்த அம்புகளோடு எய்யாமல் விட்ட அம்புகளையும் நினைந்து வணங்குவார்களாக.